72 நிமிட இருட்டு: வானிலைச் செயற்கைக்கோள்கள் ஏன் கண்ணை மூடின?

பழைய செயற்கைக்கோள் படத்தொகுப்புகளை ஓடவிட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். 1990-களிலோ 2000-களிலோ அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் மார்ச் அல்லது செப்டம்பர். மேகங்கள் அழகாக நகர்ந்துகொண்டே வரும். நள்ளிரவு நெருங்கும்போது திடீரென்று ஒரு தாவல். இங்கே இருந்த மேகம் அங்கே குதித்திருக்கும். நடுவில் எடுத்திருக்க வேண்டிய படங்களைக் காணோம். மறுநாள் இரவும் அதே நேரத்தில் அதே தாவல். ஏப்ரல் பாதியில் தானாகச் சரியாகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வந்துவிடும்.

இதற்குக் காரணம் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகிறது, சூரிய ஒளி இல்லை, மின்சாரம் இல்லை, படம் இல்லை. பதில் சரிதான். ஆனால் பாதிதான் சரி. நிழல் விழுவது இயற்கை. அந்த நேரத்தில் கேமராவை அணைப்பது என்பது மனிதர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எப்போது போடப்பட்டது, எப்போது மாறியது என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமாக இருக்கிறது.

நிழலின் கணக்கு

முதலில் கொஞ்சம் வடிவியல். பயப்பட வேண்டாம், பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் வானத்தில் ஆணி அடித்து மாட்டியது மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து பூமியைப் பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? சுமார் 17.4 டிகிரி அகலம். கையை நேராக நீட்டி ஒரு சாண் விரித்துப் பிடியுங்கள். அதைவிடக் கொஞ்சம் குறைவு.

செயற்கைக்கோள் தினமும் ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது என்றால், தினமும் ஒரு முறை பூமிக்குப் பின்பக்கம் போகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தினமும் நிழலில் சிக்க வேண்டும். சிக்குவதில்லை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். ஜூன், டிசம்பர் மாதங்களில் பூமியின் நிழல், செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில், பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து ஏறக்குறைய 16,700 கி.மீ. தள்ளி விழுகிறது. நிழலின் அரை அகலமே 6,400 கி.மீ.க்குள்தான். ஆகவே செயற்கைக்கோள் நிழலுக்கு மேலேயோ கீழேயோ வெயிலிலேயே தப்பித்துப் போய்விடும்.

சம இரவு நாட்களை, அதாவது மார்ச் 20, செப்டம்பர் 22-23 தேதிகளை ஒட்டிச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக வருகிறது. அப்போது தப்பிக்க முடியாது. சூரியன் ரேகையிலிருந்து 8.7 டிகிரிக்குள் இருக்கும் வரை தினமும் கிரகணம். அந்தச் சமயத்தில் சூரியன் நாளொன்றுக்கு 0.4 டிகிரி நகர்கிறது. வகுத்துப் பாருங்கள்: சம இரவு நாளுக்கு முன்னால் 22 நாள், பின்னால் 22 நாள். ஆக, ஒரு பருவத்துக்கு 45 இரவுகள், வருஷத்துக்கு 90 இரவுகள்.

ஒவ்வொரு இரவும் எவ்வளவு நேரம்? செயற்கைக்கோள் ஒரு டிகிரி நகர 4 நிமிடம். 17.4 டிகிரிக்கு 70 நிமிடம். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத் தட்டாக இருப்பதால் இரண்டு பக்கமும் அரைநிழல் சேர்ந்து 72 நிமிடம். இது உச்சம். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்கள்தான் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வருஷத்துக்குச் சுமார் 80 மணி நேரம் வருகிறது. ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம். அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்த ஒரு சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை

செயற்கைக்கோள் என்று ஒன்று பறப்பதற்கு முன்பே இந்தக் கிரகணம் தெரிந்துவிட்டது. பின்னாளில் இலங்கையில் குடியேறி அங்கேயே வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் புவிநிலைச் சுற்றுப்பாதை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இதைத் தொட்டுவிட்டார். மிக நீண்ட இருட்டே ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சேமித்து வைப்பதில் சிரமம் இருக்காது என்பது அவர் கருத்து. காகிதத்தில் சிரமமே இல்லைதான்.

தொலைக்காட்சிக்காரர்கள் இதற்கு வேறு விதமாகக் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கிரகணம் எப்போதும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே இருக்கும் இடத்தின் நள்ளிரவில்தான் வரும். ஒவ்வொரு 15 டிகிரி மேற்கே தள்ளி நிறுத்தினால், கிரகணம் ஒரு மணி நேரம் தாமதமாகும். 1977-ல் ஜெனீவாவில் நடந்த வானொலி அலைவரிசை மாநாட்டில் நாடுகளுக்கு ஒளிபரப்புச் செயற்கைக்கோள் இடங்கள் ஒதுக்கப்பட்டபோது, பிரிட்டனுக்குக் கிடைத்தது மேற்கு 31 டிகிரி. அங்கே கிரகணம் வரும்போது லண்டனில் இரவு இரண்டு மணி. டிவி பார்க்கிறவர்கள் தூங்கிவிட்டிருப்பார்கள். ஒளிபரப்பு நின்றாலும் யாரும் புகார் செய்யப்போவதில்லை.

வானிலைக்கு இந்த வித்தை பலிக்காது. புயல் தூங்குவதில்லை.

இரவில் பார்க்காத கண்

ஆனால் ஆரம்பத்தில் வானிலைக்காரர்களுக்கும் இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் வேடிக்கையானது.

1966 டிசம்பரில் ஏ.டி.எஸ்-1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் புவிநிலைப் பாதைக்குப் போனது. அதில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமி உருவாக்கிய கேமரா இருந்தது. செயற்கைக்கோள் பம்பரம் மாதிரி சுழலும். ஒவ்வொரு சுழற்சிக்கும் பூமியின் குறுக்கே ஒரு கோடு பதிவாகும். சுமார் 20 நிமிடத்தில் கோடு கோடாகச் சேர்ந்து ஒரு முழுப் படம். பூமியின் ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு, மேகம் நகர்வதைச் சினிமா மாதிரி காட்டியது அதுதான் முதல் முறை.

அந்தக் கேமரா சாதாரண ஒளியில் மட்டும் பார்க்கும். பகலில் பார்க்கும், இரவில் குருடு. கிரகணமோ எப்போதும் நள்ளிரவில். ஏற்கெனவே கண் தெரியாத நேரத்தில் விளக்கை அணைத்தால் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. நிழல் வருஷத்துக்கு 90 இரவுகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் இழப்பதற்குப் படமே இல்லை.

1974 மே மாதம் எஸ்.எம்.எஸ்-1 ஏவப்பட்டது. இதில் அகச்சிவப்புக் கருவியும் இருந்தது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அதன் வெப்பக் கதிர்களை வைத்து அளக்கலாம். சூரிய வெளிச்சம் தேவையில்லை. இப்போது 24 மணி நேரமும் படம். 1975 அக்டோபரில் முதல் கோஸ் செயற்கைக்கோளும் போய்ச் சேர்ந்தது.

நள்ளிரவுப் படம் என்று ஒன்று கிடைக்க ஆரம்பித்த அன்றுதான், அது கிடைக்காமல் போவதும் ஒரு இழப்பாகப் பிறந்தது.

பேட்டரி என்கிற எடை

கிளார்க் சொன்ன மாதிரி பேட்டரி வைத்தால் தீர்ந்தது, இல்லையா? வைத்தார்கள். எல்லாச் செயற்கைக்கோளிலும் பேட்டரி இருந்தது. கேள்வி, எவ்வளவு பெரிய பேட்டரி என்பதுதான்.

நிழலுக்குள் போனதும் சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் சுத்தமாக நின்றுபோகும். அந்த நேரத்தில் செயற்கைக்கோள் உயிரோடு இருக்கச் சில விஷயங்கள் கட்டாயம் ஓட வேண்டும். கணினி, தரையோடு பேசும் வானொலி, திசையைப் பிடித்து வைக்கும் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடேற்றிகள். வெயிலிலிருந்து இருட்டுக்குப் போகும்போது வெளிப்பகுதிகளின் வெப்பநிலை கிடுகிடுவென்று விழும். எரிபொருள் உறைந்துவிடக் கூடாது. இவ்வளவுக்கும் மின்சாரம் கொடுத்த பிறகுதான் கேமராவின் முறை.

1994 ஏப்ரலில் ஏவப்பட்ட கோஸ்-8-லிருந்து கோஸ்-12 வரை ஐந்து செயற்கைக்கோள்களிலும் கேமராவின் முறை வரவே இல்லை. அவற்றில் இருந்தவை நிக்கல்-காட்மியம் பேட்டரிகள். நம்பகமானவை, ஆனால் எடை அதிகம். முழுவதுமாகக் காலி செய்து காலி செய்து நிரப்பினால் ஆயுள் குறைந்துவிடும். வருஷத்துக்கு 90 கிரகணம் என்றால் பத்து வருஷத்தில் 900 தடவை காலியாகி நிரம்ப வேண்டும். அதனால் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துகிற மாதிரிதான் வடிவமைக்க முடியும். கேமராவையும் ஓட்ட வேண்டுமானால் இன்னும் பெரிய பேட்டரி, இன்னும் எடை. புவிநிலைப் பாதைக்குப் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருளிலோ கருவியிலோ ஒரு கிலோவை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மேஜை மேல் வைத்துப் பார்த்தால் முடிவு நியாயமாகத்தான் தெரியும். வருஷத்தில் ஒரு சதவீத நேரம்தானே? அதற்காக இவ்வளவு எடையா? கேமராவை அணைத்துவிடலாம்.

அந்த ஒரு சதவீதம் விழுந்த இடம்

இங்கதான் சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. அந்த 80 மணி நேரம் வருஷம் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. பாதி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை ஒரே கொத்தாக விழுகிறது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவத்தின் உச்சம் எது தெரியுமா? செப்டம்பர் 10-ஐ ஒட்டிய வாரங்கள். எப்போது கண் ரொம்பத் தேவையோ, சரியாக அப்போது கண் மூடுகிறது.

உதாரணத்துக்கு 2005 செப்டம்பர் 24. ரீட்டா சூறாவளி அன்று அதிகாலை அமெரிக்காவின் டெக்சஸ்-லூசியானா எல்லையில் மூன்றாம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. உள்ளூர் நேரம் 2.40 மணி. கத்ரீனா அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிழக்குப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த கோஸ்-12 மேற்கு 75 டிகிரியில் இருந்தது. தேதி சம இரவு நாளை ஒட்டி இருந்ததால் கிரகணம் கிட்டத்தட்ட முழு நீளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் நடுப்புள்ளி அதே உள்ளூர் நேரப்படி நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்னால். அதாவது புயல் கரையைத் தொடுவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் இருக்கும்போது.

அந்த நேரத்தில் எல்லாரும் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கரையோர ரேடார்கள் இருந்தன. புயலுக்குள்ளேயே பறக்கும் விமானங்கள் இருந்தன. மேற்கு 135 டிகிரியில் இன்னொரு கோஸ் இருந்தது. இரண்டுக்கும் இடையே 60 டிகிரி இடைவெளி இருப்பதால் அதற்குக் கிரகணம் நான்கு மணி நேரம் கழித்துத்தான் வரும். ஒன்று கண்ணை மூடும்போது மற்றது கொஞ்சம் சாய்வாகவாவது எட்டிப் பார்க்கலாம். ஆனால் நடு அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையை விட்டுப் புறப்பட்டு வரும் இளம் புயல்கள் விஷயத்தில் இது உதவாது. அவை மேற்குச் செயற்கைக்கோளின் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ரேடாரும் எட்டாது. ஐரோப்பிய மீட்டியோசாட் மட்டும்தான் துணை.

நீண்டகாலப் பதிவுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு தொல்லை உண்டு. படங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்திருந்தால் சராசரியில் கரைந்துவிடும். இவை தொலைவதோ ஒவ்வொரு வருஷமும் அதே மாதங்களில், அதே மணியில். இரவு நேர மேகங்களின் வளர்ச்சியைக் கணக்கெடுக்கும்போது இந்தப் பொத்தலைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கணக்கெடுக்க வேண்டும்.

கடைசியில் அடுத்த தலைமுறையில் முடிவை மாற்றினார்கள். 2006 மே மாதம் ஏவப்பட்ட கோஸ்-13-ல் கிரகணத்திலும் கேமராவை ஓட்டும் அளவுக்கு நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரி இருந்தது. ஆனால் பழைய கோஸ்-12 இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால், புதியது மாற்று ஆளாக வானத்திலேயே காத்திருந்தது. 2010 ஏப்ரலில்தான் கிழக்குப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது.

பேட்டரி தீர்க்காத பாதி

பேட்டரி வந்தும் இடைவெளி முழுக்க மறையவில்லை. ஏன்?

செயற்கைக்கோளின் இடத்தில் நின்று பாருங்கள். நீங்கள் பூமியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நள்ளிரவில் சூரியன் பூமிக்குப் பின்னால் இருக்கிறது. கிரகணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சூரியன் பூமியின் ஒரு ஓரத்தில் இருக்கும். முடிந்த பிறகு மறு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அந்த நிமிடங்களில் கேமரா கிட்டத்தட்ட நேராகச் சூரியனைப் பார்க்கிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்த அனுபவம் எல்லாருக்கும் உண்டு. இங்கே பூதக்கண்ணாடி, ஒரு தொலைநோக்கி. காகிதம் இருக்கும் இடத்தில் இருப்பது, கடும் குளிரில் வைக்கப்பட்ட நுண்ணிய அகச்சிவப்பு உணரிகள். பழுது ஆகாவிட்டாலும், சிதறிய வெளிச்சம் படத்தில் பொய்யான வெப்பமாகப் பதிவாகும்.

ஆகவே சூரியன் பூமியின் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் திசையைப் படம் எடுக்கக் கூடாது என்று விலக்கு எல்லை வைத்தார்கள். பழைய கோஸ்களில் கிரகண இரவுகளின் இடைவெளி 72 நிமிடத்தைத் தாண்டி நீண்டதற்கு இதுவும் காரணம். கோஸ்-13 காலத்தில், முழுப் படத்தை விடுவதற்குப் பதிலாக, சூரியன் இல்லாத பக்கத்தை மட்டும் பகுதிப் படமாக எடுக்கப் பழகினார்கள். 2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16-ன் கருவி இன்னும் சாமர்த்தியமானது. சூரியனை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றதைத் தொடர்ந்து எடுக்கும். ஒரு இரவின் பெரிய ஓட்டை, படத்தின் மூலையில் ஒரு சின்னக் கடியாகச் சுருங்கிவிட்டது.

நம் ஊர் நள்ளிரவு

நம் பக்கம் வந்தால் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி நிறுத்தப்பட்ட இடம் கிழக்கு 82 டிகிரி. இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகை 82.5. ஆகவே அதன் கிரகணம் ஏறத்தாழ நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணியை நடுவில் வைத்து வரும். மேலும் கீழும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம்.

2016 செப்டம்பரில் போன இன்சாட்-3டிஆர் கிழக்கு 74 டிகிரியில் நின்றது. இரண்டுக்கும் எட்டு டிகிரி இடைவெளி, அதாவது 32 நிமிடம். கிரகணம் உச்சத்தில் 72 நிமிடம் என்றால், சுமார் 40 நிமிடம் இரண்டும் ஒரே சமயத்தில் நிழலில் இருக்கும். அமெரிக்காவின் 60 டிகிரி இடைவெளி தருகிற வசதி இங்கே கிடையாது. அந்த நேரத்தில் தூரத்து அண்டை வீட்டுக் கண்கள் உதவுகின்றன. ஜப்பானின் ஹிமாவாரி கிழக்கு 140.7 டிகிரியில் இருப்பதால், அதன் கிரகணத்தின் நடுப்பகுதி நமக்கு இரவு எட்டு மணிவாக்கில் முடிந்துபோகும். மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஐரோப்பா நிறுத்திய மீட்டியோசாட் 40-களின் டிகிரியில் இருப்பதால், அதன் முறை நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல்தான்.

வங்கக் கடல் புயல்களில் பல, கிரகணப் பருவம் முடிந்தபின், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வருகின்றன. அது நம் அதிர்ஷ்டம். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. 2013 அக்டோபர் 12 இரவு ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரை கடந்த ஃபைலின், 2018 அக்டோபர் 11 அதிகாலையில் வடக்கு ஆந்திரக் கரையைத் தொட்ட தித்லி, இரண்டும் பருவத்தின் வால் நாட்களில் வந்தவை. அக்டோபர் 11-ஐ ஒட்டிய இரவில்கூடக் கணக்குப்படி 40 நிமிட நிழல் உண்டு.

நிழல் காப்பாற்றிய கதை

கடைசியாக ஒன்று. 2018 மார்ச்சில் கோஸ்-17 ஏவப்பட்டது. பேட்டரி எல்லாம் பிரமாதம். ஆனால் உணரிகளின் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. இரவில் சூரியன் கருவியின் வாய்க்குள் நேராக அடிக்கும் நாட்களில் உணரிகள் சூடாகி, சில அகச்சிவப்பு அலைவரிசைகள் மணிக்கணக்கில் பயன்படாமல் போயின. மிக மோசமான நாட்கள் எவை? கிரகணப் பருவத்துக்குச் சற்று முன்னாலும் சற்றுப் பின்னாலும். பருவத்தின் நடுவில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஏனென்றால் பூமி ஒரு மணி நேரத்துக்கு மேல் குடை பிடித்தது. 2023 ஜனவரியில் கோஸ்-18 அந்த இடத்துக்கு வரும் வரை இப்படித்தான் ஓட்டினார்கள்.

அதே நிழல். 1966-ல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை, 2005-ல் அது ஒரு ஓட்டை, 2019-ல் ஒரு நிழற்குடை. நிழலின் அளவு ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நாம் எதைப் பார்க்க விரும்பினோம், அதற்கு எத்தனை கிலோ ஒதுக்கத் தயாராக இருந்தோம் என்பதுதான் மாறியது. பொறியியல் அறிக்கைகளில் 99 சதவீதம் என்று பார்த்தால் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, மீதி ஒரு சதவீதம் எந்த மாதத்தில் விழுகிறது என்பது.

அடுத்த செப்டம்பரில் நேரம் கிடைத்தால், நள்ளிரவை ஒட்டிய படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். எங்காவது ஓரத்தில் ஒரு துண்டு காணாமல் இருந்தால், பூமியின் அந்த ஓரத்துக்குப் பின்னால்தான் சூரியன் நிற்கிறது.